ஒரு மூக்கொலி தூரம்

முதல் எட்டு வருடம் நான் கட்டிய பாட்டுகளில் ஒரு 'அவள்' கூடக் கிடையாது. எல்லாமே 'நீ'. நீ வந்தாய், நீ போனாய், நீ திரும்பிப் பார்க்கவில்லை. கிதாரோடு ஒரு பெண் நின்று 'நீ' என்று பாடினால், கேட்பவர்களே ஓர் ஆணைக் கொண்டுவந்து எதிரே நிறுத்திக்கொள்வார்கள். நான் பொய் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். தமிழ் அதற்குத் தோதான மொழி. தன்மையிலும் முன்னிலையிலும் வினைக்கு ஆண்பால், பெண்பால் இல்லை. குறுந்தொகையின் 40ஆம் பாட்டை, செம்மண்ணில் மழைநீர் கலக்கிற அந்தப் பாட்டை எடுத்துப் பாருங்கள். யானும் நீயும் என்றுதான் போகும். பேசுகிறவன் ஆண் என்பது, யார் சொன்னது என்று பாட்டோடு தனியே எழுதிவைத்த கூற்றுக் குறிப்பில் இருக்கிறதே தவிர, பாட்டுக்குள் இல்லை. இது உறைத்த அன்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

கதைப்பாட்டு எழுதப் போனபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

பாட்டி கதை சொல்லும்போது யாராவது 'உம்' கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவாள். அவள் கதைகளில் ஒருத்தியும் 'வருத்தப்பட்டாள்' கிடையாது. கதவைச் சாத்தினாள், விளக்கைத் தணித்தாள், அவ்வளவுதான். வருத்தப்படுவது நம் பாடு. நான் பாட்டு கட்டப் பழகியது அவளிடம்தான். கிதார் எல்லாம் பிற்பாடு. ஆனால் கதை என்றால் படர்க்கை. படர்க்கை என்றால் வினைமுற்றின் வால் காட்டிக்கொடுத்துவிடும். 'அவர்' போட்டுப் பார்த்தேன். காதலி தலைமையாசிரியர் மாதிரி ஆகிவிட்டாள்.

கடைசியில் எழுதியேவிட்டேன்: 'பஸ்ஸு கிளம்பயில கையாட்டல, ஜன்னல் கம்பியப் புடிச்சிருந்தா.'

ஒத்திகையில் கீபோர்டு வாசிக்கும் தம்பி சொன்னான்: "அக்கா, மூக்கால லேசா இழுத்துட்டா 'புடிச்சிருந்தான்'னு கேக்கும். மெட்டு கெடாது."

சரிதான். பேச்சில் 'ள்' விழுந்துவிடுகிறது, 'ன்' மூக்கில் கரைந்துவிடுகிறது. நடுவில் இருப்பது ஒரு மூக்கொலிதான்.

"எனக்குக் கெடும்டா" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு அடுத்த சரணத்துக்குப் போனான்.

வீராப்பெல்லாம் ஒத்திகையோடு சரி. ஒரு நிகழ்ச்சிக்கு முன்னால் ஏற்பாட்டாளர் வந்து, "குடும்பத்தோட வந்திருக்காங்க, கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். மூக்கால் இழுத்தேன். தம்பி கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பணத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் பாட்ரிக் ஹாகர்ட்டியைக் கேட்டேன். 1973இல் சியாட்டிலில் ஆணை ஆண் காதலிப்பதை ஒளிவுமறைவில்லாமல் கன்ட்ரி இசையில் பாடி இசைத்தட்டாகவே போட்ட மனிதர். ஆயிரம் பிரதிதான். 2014இல் மறுவெளியீடு வந்தபோது எழுபதை நெருங்கியிருந்தார். நடுவில் போன நாற்பது வருடத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்போது அந்த வரியில் வாயை முழுசாகத் திறந்து 'தா' என்று விடுகிறேன். சில அரங்குகளில் கசகசவென்று பேச்சு எழும். சிலவற்றில் ஒன்றும் இல்லை, அடுத்து என்ன ஆச்சு என்ற முகங்கள்தான்.

நிகழ்ச்சி முடிந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது பழைய 'நீ' பாட்டுகளைத்தான். பாடுகிறேன். மெட்டு நல்ல மெட்டு.