யார் காசில் பறப்போம்?

சேலத்துக்கு விமானம் கேட்டு எங்கள் வணிகர் சங்கம் போட்ட கோப்பில் ஊரின் பெருமை ஒன்று விடாமல் இருந்தது. இரும்பாலை, ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு, வெண்பட்டு எல்லாம் வண்ணப் படங்களோடு. பக்கத்து மாவட்டங்களையும் விடவில்லை: நாமக்கல் முட்டை, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி, கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ். கடைசியில் எங்கள் சங்க உறுப்பினர்களின் கடிதங்கள். விமானம் வந்தால் மாதத்துக்கு இத்தனை டிக்கெட் எடுப்போம் என்று அவரவர் எழுதிக் கொடுத்தவை. வாசகம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். மாதிரியை நான் அடித்துக் கொடுத்தேன். அவரவர் லெட்டர்பேடில் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி அனுப்பினார்கள். எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். அதைப் பேனாவால் நிரப்பியிருந்தார்கள்.

விமான நிறுவனத்திலிருந்து வந்தவர் படங்களை மளமளவென்று புரட்டிவிட்டு அந்தக் கடிதங்களில் போய் நின்றார். எந்த ஊருக்கு, எந்த நேரத்துக்கு, எந்த அளவு விமானம் விடலாம் என்று கணக்குப் போடுவதுதான் அவருக்கு வேலை. தமிழர். பேனாவால் எழுதிய எண்ணை மட்டும் பென்சிலால் சுழித்துக்கொண்டே போனார். கூட்டப் போகிறார் என்று நினைத்தேன். கூட்டவில்லை. கோப்பை மூடிவிட்டு, மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க சென்னைக்கு எதுல போவீங்க?"

"ட்ரெயின்ல."

"இங்கிருந்து விமானம் ஓடினப்போ?"

"சங்க வேலைன்னா விமானத்துல போயிருக்கேன். சொந்த வேலைன்னா அப்பவும் ட்ரெயின்தான் சார்."

அவர் தலையாட்டினார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அப்புறம் ஓடுதளத்தைப் பற்றிப் பேச்சு போய்விட்டது. அது 2022. சேலம் விமான நிலையத்துக்கு வழக்கமான பயணிகள் விமானம் ஒன்றும் வராத காலம். அந்த நிறுவனம் இன்று வரை சேலத்துக்கு வரவில்லை.

கூட்டம் முடிந்து திரும்பும்போது காரில் சங்கத் தலைவர் சொன்னார், "தம்பி, அவரு உங்களைக் கேக்கலீங்க. ஊரைக் கேட்டாரு. ஊருக்காகப் பதில் சொல்லியிருக்கோணும்." கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் இந்நேரம் மறந்துகூடப் போயிருப்பேன்.

ஏன் ட்ரெயின் என்று சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிவதற்குள் சென்ட்ரல். பகல் முழுக்க வேலையைப் பார்த்துவிட்டு அன்று இரவே ஏறினால் மறுநாள் காலை வீடு. ரூம் வாடகை கிடையாது. அன்று ஓடிய விமானமோ முற்பகலில் சென்னையிலிருந்து வரும், முற்பகலிலேயே திரும்பிவிடும். அதில் ஏறினால் மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குள் போவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம். பாதி வேலைதான் முடியும். திரும்பி வர மறுநாள்தான் விமானம். ஒரு மணி நேரத்தில் சென்னை என்பது உண்மை. ஆனால் விமான நிலையம் இருக்கும் கமலாபுரம் போக ஒரு நேரம், அங்கே காத்திருக்க ஒரு நேரம், ஒரு ராத்திரி ஓட்டல். இதையெல்லாம் கூட்டினால் டிக்கெட் விலை சின்னச் செலவாகிவிடும்.

இதை அவர் அறியாமல் இருந்திருப்பாரா? அவருடைய கையில் முந்தைய சேவையின் கணக்கு இருந்திருக்கும், ரயில்களின் நேர அட்டவணை இருந்திருக்கும். நான் "விமானத்துலதான் சார்" என்று சொல்லியிருந்தால் அதையும் ஒரு சுழியாகப் போட்டுவிட்டுப் போயிருப்பார். இப்படி நினைத்து என்னைத் தேற்றிக்கொள்வது உண்டு.

ஆனால் அடுத்த நிமிடமே இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2018 மார்ச் 25-இல் ட்ரூஜெட் நிறுவனத்தின் சென்னை விமானம் வந்தபோது என்ன நடந்தது? அதற்கு முன்பு வந்த சேவைகள் வருவதும் நிற்பதுமாக இருந்ததால் நாங்கள் யாரும் பெரிதாக நம்பவில்லை. வந்தது 72 இருக்கை ஏடிஆர் விமானம். அதில் ஆள் ஏறினார்கள். நன்றாகவே ஏறினார்கள். ட்ரெயினில் மட்டுமே போய்ப் பழகிய, நான் அறிந்த குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறின. இரண்டு வருடம் நிறைந்த அதே நாளில், 2020 மார்ச் 25-இல், நாடு முழுக்க உள்நாட்டு விமானங்கள் கொரோனாவால் நின்றன. மறுபடி ஓடியது, 2021-இல் சேலத்துக்கு அது நின்றே போனது. ஆக, ஆள் வரமாட்டார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நான் என் ஒருவன் வழக்கத்தைச் சொன்னேன். ஊர் அப்படியில்லை என்பதற்கு ஊரே மூன்று வருடம் சாட்சி கொடுத்திருந்தது.

அந்தச் சாட்சியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் எனக்கும் தலைவருக்கும் இன்று வரை ஒத்துப்போகவில்லை. அது, சின்ன ஊர்களுக்கும் விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்து விமானம். ஏறக்குறைய பாதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு உண்டு. தொடக்கத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். அந்த விலைக்கு விற்பதால் வரும் நட்டத்தை மத்திய, மாநில அரசுகள் 80-க்கு 20 என்று பங்கிட்டு ஈடுகட்டும். மூன்று வருடத்துக்குத்தான். மாநில அரசு விமான எரிபொருளுக்குச் சாதாரணமாக வாங்கும் வரி 29 சதவீதம். இந்தத் திட்டத்து நிலையங்களில் 1 சதவீதம். இவ்வளவும் தாங்கிப் பிடித்த விமானத்தில்தான் கூட்டம் நிறைந்தது. எங்களைப் பார்க்க வந்தவர் யோசித்தது தாங்கிப் பிடிக்கும் கைகளை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று. அதற்குத்தான் என் சொந்தக் காசைக் கேட்டார் என்று நான் புரிந்துகொண்டேன். தலைவரைக் கேட்டால், "ரயிலுக்கும்தான் அரசாங்கம் காசு போடுது, அப்புறம் என்னங்க?" என்பார். அதற்கும் என்னிடம் பதில் கிடையாது.

இன்னொரு விஷயம் என்னை உறுத்துகிறது. நாங்கள் எதற்குச் சென்னையைக் கேட்டோம்? தலைமைச் செயலகத்துக்கும் வங்கியின் தலைமை அலுவலகத்துக்கும் அடிக்கடி போவது சங்கத்துப் பொறுப்பாளர்கள்தான். கடிதம் எழுதியவர்களின் சரக்கு போகும் ஊர்கள் வேறு. ஜவ்வரிசி போவது மகாராஷ்டிரத்துக்கும் வங்காளத்துக்கும். கொலுசை வாங்கும் கடைக்காரர்கள் வடக்கே பரந்து கிடக்கிறார்கள். அவர்களுக்கு மும்பைக்கு ஒரு விமானம் என்றால் ஒரு முழு நாள் மிச்சம். அப்படிப்பட்டவர் சொந்தக் காசில் ஏறுவார், யாரும் கடிதம் வாங்கத் தேவையில்லை.

ஆனால் மும்பையைக் கேட்க முடியாது. ஓடுதளம் 1,806 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஏடிஆர் நன்றாக இறங்கும். நூற்றெண்பது பேரை ஏற்றும் ஜெட் விமானத்துக்கு வழக்கமாக 45 மீட்டர் அகலம் வேண்டும், நீளமும் இதற்கு மேல் வேண்டும். அகலப்படுத்த, நீட்டக் காசும் நிலமும் வேண்டுமென்றால் முதலில் பயணிகள் எண்ணிக்கையைக் காட்டு என்பார்கள். ரயில் ஜெயிக்கும் தூரத்தில் விமானம் விட்டுத்தான் அந்த எண்ணிக்கையைக் காட்ட வேண்டியிருக்கிறது. இதில் சேலம் மட்டும் சிக்கியிருக்கவில்லை, சின்ன விமான நிலையங்கள் பலவற்றின் கதை இதுதான்.

தர்பங்காவை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். பீகாரில் விமானப்படைத் தளத்தில் 2020 நவம்பர் 8-இல் பயணிகள் விமானம் தொடங்கியது. தொடங்கும்போதே டெல்லி, மும்பை, பெங்களூரு. வேலை தேடி அந்த ஊர்களுக்குப் போனவர்களுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும் தூரம். நிறைந்து வழிந்தது. அதே உடான் திட்டம்தான். தூரம்தான் அங்கே வேலை செய்தது. அதற்கு எதிர்ப்பக்கம் குஷிநகர் இருக்கிறது. 3,200 மீட்டர் ஓடுதளம், சர்வதேச விமான நிலையம் என்ற பெயர், 2021 அக்டோபரில் பிரதமர் திறந்தார். சில வருடங்களிலேயே வழக்கமான விமானம் ஒன்றும் இல்லாமல் நின்றுபோனது. ஆகவே நீளமான ஓடுதளம் போட்டால் விமானம் தானாக வரும் என்று யாராவது மேடையில் பேசும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. விரிவாக்கத்துக்கு 570 ஏக்கர் என்று சொன்னபோது கமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி விவசாயிகள் எதிர்த்து நின்றதை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர்கள் இல்லை. எங்கள் கடிதங்களில் பேனாவால் நிரப்பிய எண்கள் அப்படியே ஓர் அறிக்கைக்குள் போகும். அந்த அறிக்கை இன்னொன்றுக்குள் போகும். எங்கோ ஓரிடத்தில் அது ஏக்கர் ஆகிவிடும். மாதம் எத்தனை டிக்கெட் என்று ஒருவர் கடைவாசலில் நின்று யோசிக்காமல் போட்ட எண்ணுக்காக இன்னொருவர் கிணற்றையும் தென்னையையும் விட்டுக்கொடுக்க வேண்டி வரலாம். அப்படியிருக்க, கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னதில் என்ன குறை?

இந்த நியாயம் பின்னால் வந்து சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மேசையில் உட்கார்ந்து "ட்ரெயின்ல" என்று சொன்னபோது என் மனதில் கமலாபுரமும் இல்லை, பொட்டியபுரமும் இல்லை. கேட்டார், சொன்னேன், அவ்வளவுதான். நல்ல காரணங்களை அதற்குப் பிறகு நானே ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறேன். அவை நல்ல காரணங்கள்தான்.

அதற்குள் நிலைமையும் மாறிவிட்டது. 2023 ஏப்ரல் 8-இல் சென்னை–கோவை வந்தே பாரத் வந்தது. சேலத்திலிருந்து சென்னைக்கு நான்கு மணி நேரம் ஆகாது. என் பதில் அன்றைவிடப் பல மடங்கு சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அதே வருடம் அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் சேலத்துக்கு வந்தன; பெங்களூரு, கொச்சி, ஐதராபாத், சென்னை. வந்தே பாரத் வந்த பிறகும் சென்னை விமானத்தில் ஆள் ஏறுகிறார்கள். கமலாபுரம் பக்கம் போகும்போதெல்லாம் வாசலில் டாக்ஸிகள் நிற்பதைப் பார்க்கிறேன். பெட்டியை இறக்கும் பெரியவர்களைப் பார்க்கிறேன். இரவு ரயிலில் மேல் படுக்கை ஏற முடியாதவர்கள், மருத்துவமனைக்குப் போகிறவர்கள், வெளிநாட்டு விமானத்தைச் சென்னையில் பிடிக்கிறவர்கள். கடைசியாகச் சொன்னவர்களுக்கு மறுநாள் திரும்புவது என்ற கவலையே கிடையாது. இவர்களில் ஒருவரைக்கூட நான் அன்றைக்கு நினைக்கவில்லை. எங்கள் கடிதங்களிலும் இவர்கள் இல்லை, ஏனென்றால் இவர்களிடம் லெட்டர்பேடு இல்லை.

இதைத் தலைவரிடம் சொன்னபோது, "அதைத்தாங்க நான் அன்னைக்குக் கார்ல சொன்னேன்," என்றார். அவர் சொன்னது அது இல்லை. ஆனால் அவர் பக்கத்து நியாயம் அங்கேதான் இருக்கிறது என்பதையும் மறுக்க முடியவில்லை.

ஓசூரில் 2,000 ஏக்கரில் வருடத்துக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அது வந்தால் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் எங்கள் கோப்பிலிருந்து போய்விடும். உண்மையில் அவர்கள் எப்போதும் எங்கள் பக்கம் இருந்ததில்லை, பெங்களூரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் மட்டும் எங்கள் வட்டத்துக்குள் இருந்தார்கள். சேலத்துக்கு நேரம் குறைவு என்று தோன்றுகிறது. மும்பைக்கோ டெல்லிக்கோ ஒரு விமானத்தை இப்போதே பிடித்து நிறுத்தாவிட்டால் பிறகு கேட்க வாய்ப்பே இருக்காது. எனக்கு அந்த விமானம் வேண்டும். மேடையில் பேசுகிறவர்களைவிட அதிகமாகவே வேண்டும்.

புதிய கோப்புக்காக மறுபடி கடிதம் வாங்கும் வேலை தொடங்கியிருக்கிறது. இந்த முறை மாதிரிக் கடிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதில் ஒரு படிவம். கடைசியாக எந்த ஊருக்குப் போனீர்கள், எதில் போனீர்கள், எப்போது திரும்பினீர்கள், டிக்கெட் யார் எடுத்தது. உறுப்பினர்களுக்கு மட்டும் இல்லாமல் மருத்துவமனைகளிலும் டிராவல்ஸ் கடைகளிலும் கொடுத்து வாங்குகிறோம். வந்த படிவங்களில் மும்பை, டெல்லி, அகமதாபாத் எல்லாம் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் கோவைக்கோ பெங்களூருக்கோ காரில் போய் அங்கிருந்து ஏறியிருக்கிறார்கள். சென்னை என்று எழுதியவர்களில் ரயில்காரர்கள்தான் அதிகம்.

சென்னைப் பக்கத்தை எடுத்துவிட்டு மற்றவற்றை மட்டும் கோப்பில் வைக்கலாம் என்கிறார் தலைவர். மும்பை கேட்கப் போகிற இடத்தில் சென்னைக் கணக்கு எதற்கு என்பது அவர் வாதம். பொய் ஒன்றும் இல்லை அதில். நான் இரண்டையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், சென்னைப் பக்கத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. எதைக் கொடுப்பது என்று அடுத்த வாரம் செயற்குழுவில் முடிவாகும். என்னைக் கேட்டால் என்ன சொல்வேன் என்று இன்னும் தெளிவாகவில்லை.