சவூதியிலிருந்து லீவில் ஊருக்கு: திருகோணமலைக்கு வந்து திரும்புகிறவர்கள் பார்க்க வேண்டியவை

முதலில் நாட்களை எண்ணிவிடுங்கள். சவூதித் தொழிற்சட்டத்தின்படி ஐந்து வருடத்துக்குக் குறைவாக ஒரே முதலாளியிடம் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 21 நாள் லீவு, ஐந்து வருடம் முடித்தவருக்கு 30 நாள். இரண்டு வருட லீவைச் சேர்த்து எடுத்தால் 42 நாள். கேட்க நிறையத்தான் தெரியும். ஆனால் நம் கந்தோர்கள் சனி, ஞாயிறு பூட்டு; சவூதியில் வெள்ளி, சனி பூட்டு. இரண்டு பக்கமும் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரை மட்டுமே. ஆறு வாரத்தில் அது 24 நாள். அதில் போயா ஒன்றோ இரண்டோ போகும், வந்த நாளும் போகிற நாளும் போகும். சித்திரைப் புத்தாண்டையோ நோன்புப் பெருநாளையோ ஒட்டி வந்தால் இன்னும் ஒரு வாரம் கழிந்துவிடும். பிள்ளைகளோடும் பெற்றோரோடும் இருக்க வந்த நாட்களைக் கந்தோர் வாசலில் செலவழிக்காமல் இருக்க ஒரே வழி, கடதாசி வேலைகளை முதல் பத்து நாளுக்குள் முடிப்பதுதான். "ஆறுதலாகப் பார்க்கலாம்" என்று விட்டவர்கள்தான் கடைசி வாரத்தில் பத்தரமுல்லைக் கடவுச்சீட்டுக் கந்தோருக்கும் ஊருக்குமாக ஓடுகிறார்கள்.

ஊருக்குப் புறப்படும் முன் அங்கேயே சரிபார்க்க வேண்டியது ரீ-என்ட்ரி விசா. தாளில் 'குரூஜ் வ அவ்தா' என்று இருக்கிறதா பாருங்கள். அதுதான் போய்த் திரும்பும் விசா. 'குரூஜ் நிஹாயி' என்று இருந்தால் அது வேலையை முடித்துக்கொண்டு போகிறவருக்கான விசா. அதோடு வெளியேறினால் இகாமா (சவூதி வதிவிட அனுமதி) முடிந்தது. அரபு வாசிக்கத் தெரியாதவர் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் பெட்டி கட்டக் கூடாது. சவூதி அரசின் இணையச் சேவையான அப்ஷரில் உங்கள் கணக்கைத் திறந்தாலும் விசாவின் வகையும் திகதியும் தெரியும். விசா எடுக்கும் நேரத்தில் கடவுச்சீட்டு குறைந்தது 90 நாளாவது செல்லுபடியாக இருக்க வேண்டும், இகாமா உயிரோடு இருக்க வேண்டும், போக்குவரத்துத் தண்டம் ஏதும் கட்டப்படாமல் நிற்கக் கூடாது. வாகனம் ஓட்டுகிறவர்கள் ஒரு மாதம் முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு தடவை போய்வரும் விசாவுக்கு இரண்டு மாதம் வரை 200 ரியால், அதற்கு மேல் ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரியால். இந்தக் கட்டணத்தை முதலாளி கட்ட வேண்டும் என்று தொழிற்சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. லீவுச் சம்பளத்தையும் லீவுக்கு முன்னரே கொடுக்க வேண்டும் என்பது 109ஆம் பிரிவு. மரியாதையாகக் கேட்டால் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து தருவதில்லை.

விசாவில் காலம் இரண்டு விதமாகப் போடப்படும். ஒன்று, "இத்தனை நாள்" என்று. அது சவூதியை விட்டு வெளியேறிய நாளிலிருந்து எண்ணப்படும். மற்றது, "இந்தத் திகதிக்கு முன் திரும்ப வேண்டும்" என்று. இரண்டாவது வகையில் விமான டிக்கட் பத்து நாள் பிந்தினால் பத்து நாளும் உங்கள் லீவிலிருந்துதான் போகும். எந்த வகையானாலும் கணக்கில் வருவது நீங்கள் அங்கே தரையிறங்கும் நாள். கட்டுநாயக்கவில் நள்ளிரவுக்கு முன் ஏறி, இடையில் ஓர் ஊரில் மாறிப் போகிறவர் அடுத்த நாள்தான் இறங்குவார். அதனால் திரும்பும் டிக்கட்டைக் கடைசி நாளுக்கு நான்கு ஐந்து நாள் முன்னதாகப் போடுங்கள். விமானம் தள்ளிப்போகலாம், காய்ச்சல் வரலாம். ஐந்து நாள் சம்பளத்தை நினைத்து இதில் சிக்கனம் பார்ப்பது சரியான கணக்கு இல்லை. இகாமா முடியும் திகதியை ஹிஜ்ரியில் பார்க்கிறவர்கள், ஹிஜ்ரி வருடம் ஆங்கில வருடத்தைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் நிற்கும்போது லீவை நீட்ட வேண்டி வந்தால், முதலாளி தன் அப்ஷர் கணக்கிலிருந்தோ கம்பனிகளுக்கான முகீம் இணையக் கணக்கிலிருந்தோ விசாவை நீட்டலாம். வெளியே இருப்பவருக்கு நீட்டும் கட்டணம் இரட்டிப்பு. இகாமா முடிந்திருந்தால் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும். இதைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். சவூதியின் ஞாயிறு காலையில் கேளுங்கள். நம் நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுவதால் இங்கே பத்தரை மணிக்கு அழைத்தால் அங்கே எட்டு மணி. இன்னொன்று, சவூதி சிம்மை அணைத்துப் பெட்டிக்குள் போட வேண்டாம். அப்ஷரின் ரகசிய எண் அந்த நம்பருக்குத்தான் வரும். புறப்படும் முன் ரோமிங்கைத் திறந்து, டேட்டாவை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும்.

மற்ற நாடுகளில் இருந்து வருகிறவர்களுக்குச் சிலதைச் சொல்லலாம். துபாய், அபுதாபிக்காரர்கள் 180 நாளுக்கு மேல் வெளியே நின்றால் சாதாரண வதிவிட விசா செல்லாது. கட்டாரிலும் ஆறு மாதமே எல்லை. குவைத்தில் தனியார் கம்பனியில் 18ஆம் பிரிவு விசாவில் இருப்பவர்கள் 2025 ஜூலை முதல், முதலாளியின் ஒப்புதலோடு வெளியேறும் அனுமதி எடுத்தே விமானம் ஏற முடியும்.

கட்டுநாயக்கவிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 250 கிலோமீற்றர். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழி. வானில் ஆறு மணித்தியாலம் எடுக்கும். இந்தப் பாதையில் பயப்பட வேண்டியது டிரைவரின் நித்திரை. வீட்டார் பிடித்த வான் மாலையில் திருகோணமலையில் வெளிக்கிட்டு, இரவெல்லாம் ஓடி, விமான நிலையத்தில் விழித்திருந்து, விடியற்காலையில் உங்களை ஏற்றிக்கொண்டு மறுபடி ஓடும். போக வர 500 கிலோமீற்றர், ஒரே ஆள். இரண்டு டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது அவர் முதல் நாளே வந்து நீர்கொழும்பில் படுத்து எழும்பட்டும். அந்தச் செலவு வீண் செலவில்லை. அடுத்தது யானை. ஹபரணை தாண்டி கல்ஓயா, அக்போபுர, கந்தளாய் வரை இரவில் யானை ரோட்டில் நிற்கும். இரவு விமானத்தில் இறங்கினால் தம்புள்ளையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு விடியும்வரை நின்றுவிட்டு, வெளிச்சத்தில் இந்தத் துண்டைக் கடப்பது நல்லது.

கிண்ணியாவுக்குப் போகிறவர் பட்டினத்துக்குள் போய்ச் சுற்ற வேண்டியதில்லை, தம்பலகாமம் பக்கம் திரும்பலாம். மூதூர், தோப்பூர் ஆட்களுக்குக் கந்தளாயிலிருந்து அல்லை-கந்தளாய் வீதி இருக்கிறது. ஆனால் கார்த்திகை, மார்கழி மழையில் மகாவலி பெருகினால் அந்தப் பக்கத்துப் பாதைகள் வெள்ளத்தில் மூடும். அந்த மாதங்களில் புறப்படும் முன் ஊருக்கு ஒரு போன் எடுத்துக் கேளுங்கள். தனியாக, சாமான் குறைவாக வருகிறவருக்கு வான் தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து 187 பஸ்ஸில் கோட்டைக்குப் போய், இரவு மெயில் கோச்சியில் (ரயிலில்) ஏறினால் விடியற்காலை திருகோணமலை. மாகோவில் பிரிந்து கல்ஓயா, கந்தளாய், சீனக்குடா வழியாக வரும். காலையில் இறங்குகிறவர் இரவுவரை காத்திருக்காமல் கொழும்பில் 49ஆம் இலக்க பஸ்ஸைப் பிடிக்கலாம்.

சுங்கத்தில் மறைக்க ஒன்றும் இல்லாதவருக்குச் சிரமம் குறைவு. வங்கி வழியாகக் காசு அனுப்பியவர்களுக்கு மேலதிக வரிச் சலுகை 2022இல் வந்தது. அனுப்பிய தொகைக்கான வங்கிச் சான்று கையில் இருந்தால்தான் கேட்கலாம். வங்கியை விட்டு ஆட்கள் வழியாக, உண்டியலில் அனுப்பியதற்கு எந்தச் சான்றும் கிடைக்காது. ஸம்ஸம் தண்ணீரைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டாதீர்கள், இறக்கிவிடுவார்கள். ஜித்தா, மதீனா விமான நிலையத்தில் விற்கும் 5 லீற்றர் பொதியாகவே கொண்டுவர வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

இனி ஊரில் செய்யும் வேலைகள். கடவுச்சீட்டுப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதுதான் முதல் வேலை. றியாத் தூதரகத்திலும் ஜித்தா கொன்சல் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்றாலும் புத்தகம் கைக்கு வர நாள் எடுக்கும். லீவுக்கு முன் அவ்வளவு காலம் இல்லாதவர் இங்கே எடுக்கலாம். பதிவுபெற்ற ஸ்டூடியோவில் படம் பிடித்து அவர்கள் தரும் பற்றுச்சீட்டு, பழைய கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை. எல்லாவற்றுக்கும் மூலமும் பிரதியும். ஒருநாள் சேவைக்குப் பத்தரமுல்லை. நம் பக்கத்தவருக்கு ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாக் கிளை கிட்ட. பெயரின் ஆங்கில எழுத்து பழைய புத்தகத்தில் இருந்தபடியே வர வேண்டும். பிறப்புச் சான்றிதழைப் பார்த்து ஓர் எழுத்தைத் "திருத்தினால்" இகாமாவோடும் வங்கிக் கணக்கோடும் பொருந்தாமல் அங்கே போய் அலைய நேரிடும். திரும்பும்போது பழைய புத்தகத்தையும் புதியதையும் சேர்த்தே கொண்டுபோங்கள். ரீ-என்ட்ரி விசா பழைய நம்பரில்தான் நிற்கும். விமானக் கம்பனியின் கவுண்டரில் இரண்டையும் காட்டினால்தான் ஏற்றுவார்கள்.

அடுத்தது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு. அது இரண்டு வருடத்துக்கு. நீங்கள் திரும்பிப் போகும் நாளில் அது முடிந்திருந்தால் புதுப்பிக்காமல் போக முடியாது. விமான நிலையத்தில் குடிவரவுக்கு முன்னரே பணியகத்தின் கவுண்டரில் கேட்பார்கள். இகாமாப் பிரதி, வேலை ஒப்பந்தம், பழைய பதிவு, கடவுச்சீட்டு இவற்றோடு பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பாருங்கள். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அழைத்துக் கேட்கலாம். பதிவு உயிரோடு இருந்தால் காப்புறுதியும் உண்டு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரணதரம், உயர்தரம் சித்தியடைந்த பிள்ளைகளுக்குப் பணியகம் தரும் புலமைப்பரிசிலுக்கும் அந்தப் பதிவுதான் அடிப்படை. நம் ஊரில் எத்தனையோ தகுதியான பிள்ளைகளுக்கு அது கிடைக்காமல் போகிறது, தகப்பனின் பதிவு காலாவதியானதால். இதில் மனம் வருந்தாமல் இருக்க முடியவில்லை.

காணி வாங்கவோ வீடு கட்டவோ நினைக்கிறவர் மனைவிக்கோ சகோதரருக்கோ அற்றோர்னித் தத்துவம் கொடுப்பதென்றால் லீவிலேயே நொத்தாரிசிடம் எழுதிப் பதிவு செய்யுங்கள். சவூதியிலிருந்து அனுப்புவதென்றால் தூதரக அத்தாட்சியும் அதன்பின் கொழும்பு வேலையும் சேரும். எந்தக் காணி, எந்த வேலைக்கு என்று குறிப்பிட்டே கொடுங்கள். பொதுவாக எல்லா அதிகாரத்தையும் எழுதிக் கொடுப்பதால் உறவே கெட்டுப்போன வீடுகள் உண்டு. வங்கியில் கையொப்பம், போன் நம்பர், ரகசிய எண் வரும் வழி ஆகியவற்றை நேரில் நின்று சரிசெய்யுங்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதம் தேவைப்பட்டால், எந்த நாளில் கந்தோரில் இருப்பார் என்று முதலில் கேளுங்கள். அவர் வெளிக்கள வேலைக்கும் போகிறவர்.

திரும்பும் பெட்டியில் கவனம் தேவை. கசகசா ஒரு பிடிகூட வேண்டாம். நமக்கு அது குருமாவில் போடும் சாமான், வளைகுடாவில் போதைப்பொருள் குற்றம். கறித்தூள் அரைக்கும்போது சேர்த்திருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். எமிரேட்ஸ் போகிறவர் வெற்றிலையையும் விட வேண்டும். கொடீன், ட்ரமடோல், ப்ரீகபலின் கலந்த மாத்திரைகள் மருத்துவரின் சீட்டும் அந்த நாட்டு விதிப்படியான அனுமதியும் இல்லாமல் ஆபத்து. வேறு யாருடைய மருந்துப் பொதியையும் திறந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். கொப்பறாத் தேங்காய் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் சாமான் என்று விமானத்தில் ஏற்றமாட்டார்கள். கருவாடு கொண்டுபோகலாம். இரண்டு வெயில் கூடக் காயவைத்து, காற்றில்லாமல் ஒட்டிய பையில் போட்டு, அதன்மேல் இன்னொரு பை. பேப்பரில் சுற்றினால் உடுப்பெல்லாம் நாறும். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் விமான நிலையத்தில் பிரித்துக் கட்ட வேண்டி வரும்.

திரும்பும் விமானம் காலையில் என்றால் அதே நாள் விடியற்காலை கோட்டைக்கு வரும் கோச்சியை நம்ப வேண்டாம். யானை மோதினாலோ தண்டவாளத்தில் வெள்ளம் நின்றாலோ பிந்திவிடும். முதல் நாளே போய் நீர்கொழும்பில் நில்லுங்கள். மாலை, இரவு விமானத்துக்குக் கோச்சி சரி. பணியகக் கவுண்டருக்கும் சேர்த்து, விமானத்துக்கு நான்கு மணித்தியாலம் முன்னர் விமான நிலையத்தில் நிற்க வேண்டும்.

அங்கே இறங்கியதும் அப்ஷரில் நீங்கள் நாட்டுக்குள் இருப்பதாகக் காட்டுகிறதா பாருங்கள். கடவுச்சீட்டு மாற்றியவர் முதல் வாரத்திலேயே கம்பனியின் ஆளிடம் புதிய நம்பரை ஜவாஸாத்தில் (சவூதிக் கடவுச்சீட்டுத் திணைக்களம்) ஏற்றச் சொல்லுங்கள். 'நக்ல் மாலூமாத்' என்றால் அவருக்கு விளங்கும். அது ஏறும்வரை பழைய புத்தகத்தை வீசிவிடாதீர்கள்.