உறை சிக்குகிற நாட்கள்

மார்ச் 4
துப்பாக்கி சுடும் போட்டிக்கான பிஸ்டல் மறுபடியும் நின்றுவிட்டது. சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியே விழாமல், மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடின் இடுக்கில் நட்டுக்குத்தலாக நிற்கிறது. புது பிஸ்டல். மனசு ஆறவில்லை.

மார்ச் 5
கோச் சார் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: "மணிக்கட்டு. தளர விடாதே." பிடி தளர்ந்தால் பிஸ்டலே பின்னால் நகர்ந்துவிடும், ஸ்லைடு முழுத் தூரம் போகாது, உறை தெறிப்பதற்குள் திரும்பி மூடிக்கொள்ளும். புரிகிறது. ஆனால் பழைய பிஸ்டலையும் இதே கையால்தானே சுட்டேன்? அது ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லையே. இரவு முழுக்க இதுதான் ஓடியது. மணிக்கட்டா, பிஸ்டலா.

மார்ச் 8
பிரித்துத் துடைத்தேன். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்புகிற கிரீஸ், காலி உறையைப் பிடித்து இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் உறைந்த நெய் மாதிரி அப்பியிருந்தது. பல்குச்சியால் சுரண்டி எடுத்தேன். தோட்டா உட்காரும் சேம்பரையும் பிரஷ் விட்டுத் தேய்த்தேன். .22 தோட்டாவின் ஈயத்தில் மெழுகு பூசியிருக்கும். அந்த அழுக்கு அங்கேதான் போய் ஒட்டும். ஸ்லைடு ஓடும் தண்டவாளத்தில் ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான்.

மார்ச் 9
சிக்குவது குறைந்திருக்கிறது. அடியோடு நிற்கவில்லை.

மார்ச் 12
ஆளுக்கொரு வைத்தியம். வேகமான தோட்டா போடு என்கிறார் ஒருவர். நான் சுடுவது 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) குண்டு, நொடிக்கு 325 மீட்டர் அளவில் போகிற சாதாரண வேகத் தோட்டா. ஸ்லைடைத் திருப்பித் தள்ளுகிற புது ஸ்பிரிங்கின் விறைப்புக்கு அந்த உதை பற்றாமல் இருக்கலாம், உண்மைதான். ஆனால் கையேட்டில் வேகத் தோட்டா கூடாது என்று அச்சடித்திருக்கிறது. போடமாட்டேன். இன்னொருவர் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டச் சொல்கிறார். கேட்கவே வயிற்றைக் கலக்குகிறது.

மார்ச் 13
மணிக்கட்டு?

மார்ச் 15
தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசின்களின் அடியில் 1, 2 என்று பெயின்ட்டால் எழுதி, மாற்றி மாற்றிப் போட்டுச் சுட்டேன். இன்று வேறு மாதிரிச் சிக்கல்: உறை ஒழுங்காகப் போய்விட்டது, அடுத்த தோட்டாதான் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு சேம்பருக்குள் ஏறமாட்டேன் என்றது. எப்போதும் போலக் குழலை இலக்குப் பக்கமே வைத்து, மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து எடுத்தேன். எல்லாம் 2-இல்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதன் வாய் மடிப்பில் இடது பக்கம் கொஞ்சம் விரிந்திருக்கிறது, தோட்டா சாய்ந்து உட்காருகிறது. அப்படியானால் இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். இத்தனை நாளும் ஒன்று என்று நினைத்துக் குழம்பியிருக்கிறோம்.

மார்ச் 16
கோச் சாரையே சுடச் சொன்னேன். 1-ஐப் போட்டுக் கொடுத்தேன். அவர் கையிலும் உறை சிக்கியது! அவர் ஒன்றும் பேசவில்லை. எக்ஸ்ட்ராக்டரை விரல் நுனியால் அழுத்திப் பார்த்தார். "இது தளர்ந்திருக்கு" என்றார். அழுகை வந்துவிட்டது.

மார்ச் 18
விற்றவர்களுக்குப் போன் செய்தேன். "500 ரவுண்டு சுடுங்க, தானா சரியாகும்." ஸ்பிரிங் பழகும், சரி. விரிந்த மேகசின் எப்படித் தானாகச் சுருங்கும்? கத்திவிட்டேன். எக்ஸ்ட்ராக்டர், அதன் ஸ்பிரிங், ஒரு மேகசின், மூன்றையும் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்கள்.

மார்ச் 20
வரவில்லை.

மார்ச் 21
வரவில்லை. போட்டியின் கடினமான தொடரில் 4 நொடியில் 5 இலக்கு. நடுவில் சிக்கினால் என்ன ஆகும் என்று கண்ணை மூடினாலே ஓடுகிறது.

மார்ச் 23
வந்தது. கோச் சார்தான் மாட்டினார். 1-ஐ மட்டும் போட்டு, அவசரமில்லாமல் ஒரு பெட்டி. உறைகள் எல்லாம் வலப்பக்கம் ஒரே இடத்தில் போய் விழுந்தன. புது மேகசினை இன்னும் தொடவில்லை. நாளைக் காலை அதைப் போட்டு 8 நொடித் தொடர், அப்புறம் 6, அப்புறம்தான் 4.