சீருடை டெண்டர் எடுத்துத் தைத்துக் கொடுத்த கதை

உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும் தைக்கும் சின்ன ஃபேக்டரி எங்களுடையது. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஜவுளி இறக்குமதி செய்யலாம் என்று வரம்பு வைத்த, 1974-இல் வந்த பல்லிழை ஒப்பந்தத்தின் கோட்டா முறை 1995-இலிருந்து படிப்படியாகத் தளர்ந்து, 2005 ஜனவரி 1-ஆம் தேதி முழுசாகப் போய்விட்டது. அதற்கப்புறம் ஆர்டர்கள் மலிவாகத் தைக்கும் நாடுகளைத் தேடிப் போக ஆரம்பித்தன. எங்களிடம் தைத்துக்கொண்டிருந்த பிராண்டுகளும் ஒவ்வொன்றாக நழுவின. நாங்கள் துணி வாங்கும் விலைக்கே தைத்து முடித்த சட்டை துறைமுகத்தில் வந்து இறங்கும்போது, தரத்தைப் பேசி யாரை நிறுத்தி வைப்பது? அப்படித்தான் அரசுச் சீருடை டெண்டர் பக்கம் வந்தோம்.

முதலில் பார்த்தது உள்நாட்டு உற்பத்தி நிபந்தனை. இது டெண்டருக்கு டெண்டர் மாறும். சிலவற்றில் தையல் இங்கே நடந்தால் போதும். அமெரிக்க ராணுவக் கொள்முதலில் 1941-இல் தொடங்கிய பெர்ரி திருத்தம், இழை, நூல், துணி என்று அடிவரைக்கும் உள்நாட்டுச் சரக்கே வேண்டும் என்கிறது. உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு என்றால், அதன் வரம்புக்குள் வரும் டெண்டரில் மற்ற உறுப்பு நாட்டுக் கம்பெனிகளும் சரிசமமாகப் போட்டிக்கு வரலாம். எங்கள் டெண்டரில் துணியும் உள்நாட்டில் நெய்ததாக இருக்கணும், மில்லின் சான்றிதழும் வைக்கணும்.

சிக்கல் தொடங்கியதே இந்த வரியில்தான். கேட்ட எடையில், கேட்ட நிறத்தில் அந்தத் துணியை நெய்யும் மில்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். போட்டிக்கு வந்த எல்லோரும் அதே மில்லுக்குத்தான் போன் போட்டோம். மில் சொல்லும் விலை சில நாட்களுக்குத்தான் செல்லும். நாம் டெண்டரில் போடும் விலையை மாதக்கணக்கில் தாங்கணும். நடுவில் பஞ்சு விலை ஏறினால் அந்தச் சுமை நம் தலையில். ஒரு பீஸின் செலவில் பாதிக்கு மேல் துணிதான் என்பதால், தையல் கூலியில் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது. அதனால் விலை போடுவதற்கு முன்பே மில்லோடு ஒரு எழுத்து ஒப்பந்தம் போட்டோம்: டெண்டர் எங்களுக்குக் கிடைத்தால் இந்த விலை, கிடைக்காவிட்டால் யாருக்கும் கடமை இல்லை. என்னைக் கேட்டால், இந்தக் காகிதம் கைக்கு வராமல் விலையே போடக்கூடாது.

தையல் கணக்கு நிமிடத்தில்தான். ஒரு உருப்படிக்கு 20 நிமிட வேலை என்றால், லைன், அதாவது வரிசையாகப் போட்ட தையல் மெஷின்கள், 50 சதவீதத் திறனில் ஓடும்போது 40 நிமிடத்துக்குச் சம்பளம் கொடுக்கிறோம். 65-க்கு ஏறினால் சுமார் 31 நிமிடம். புது ஸ்டைல் ஏறும்போது லைன் மெதுவாகத்தான் ஓடும், கை பழகப் பழக வேகம் வரும். ஒரே மாடல் நீளமாக ஓடுவதுதான் சீருடை ஆர்டரில் எங்களுக்குப் பிடித்ததும்.

விலை திறப்பதற்கு முன்னால் எழுத்தில் கேள்வி கேட்க ஒரு கெடு கொடுப்பார்கள். பதில் போட்டியாளர் எல்லோருக்கும் போகும். அதனால் நமக்குத் தெரிந்த சூட்சுமத்தைக் கேள்வியாக்கி ஊருக்குச் சொல்லிவிடக்கூடாது. முரண்பாடு இருந்தால் மட்டும் கேட்கணும். பக்கவாட்டுத் தையல் படத்தில் ஒரு விதமாகவும் எழுத்தில் வேறு விதமாகவும் இருந்தது. அதைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்தோம். பின்னால் இன்ஸ்பெக்டர் அதே இடத்தில் விரல் வைத்தபோது, அந்தக் கடிதத்தைத்தான் எடுத்து நீட்டினோம்.

ஆர்டர் கிடைத்தது. அங்கீகரித்து முத்திரை வைத்த மாதிரியை ஆபீஸ் பீரோவில் பூட்டினோம். அடுத்தது ஷேடு. ஒரே நிறம் என்றாலும் சாய லாட்டுக்கு லாட், சில சமயம் ரோலுக்கு ரோல்கூட நூலளவு மாறும். இடது கால் ஒரு ரோல், வலது கால் இன்னொரு ரோல் என்று போனால் வெயிலில் பளிச்சென்று தெரிந்துவிடும். கட்டிங் மாஸ்டர் ஒவ்வொரு ரோலிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக அடுக்கி, ஷேடு வாரியாகப் பிரித்தார். பிறகு ஒவ்வொரு பாகத்திலும் நம்பர் ஸ்டிக்கர். 17 ஒட்டிய முன்பாகம் 17 ஒட்டிய பின்பாகத்தோடுதான் சேரணும். ஒட்ட இரண்டு பேர், தைத்தபின் பிய்க்க இரண்டு பேர். இந்தக் கூலியைப் பலர் விலையில் சேர்ப்பதே இல்லை.

இன்ஸ்பெக்‌ஷனில், ஒரு லாட்டுக்கு எத்தனை பீஸ் எடுத்துப் பார்க்கணும் என்று சொல்லும் ஐஎஸ்ஓ 2859 என்ற சர்வதேசத் தரநிலை அட்டவணைப்படி சாம்பிள் எடுத்தார்கள். 3,201 முதல் 10,000 வரை உள்ள லாட்டில், வழக்கமான நிலையில் 200 பீஸ் பிரிப்பார்கள். ஏற்கத்தக்க தர அளவு (AQL) 2.5 என்றால் 10 குறை வரைக்கும் பாஸ். 11 ஆனால் மொத்த லாட்டும் திரும்பும். அதே கணக்கில் நாங்களே முன்கூட்டிப் பார்த்துவிட்டதால் பெரிதாகப் பயமில்லை.

பயம் எல்லாம் பணத்தில். டெண்டர் போடும்போதே முன்வைப்புத் தொகை கட்டணும். ஆர்டர் வந்ததும், சொன்னபடி முடித்துக் கொடுப்போம் என்பதற்கு வங்கி உத்தரவாதம் கொடுக்கணும்; அதற்கு ஈடாக வங்கி நம் பணத்தையே முடக்கிவிடும். மில்லுக்கு அட்வான்ஸ், தொழிலாளிக்கு வாராவாரம் சம்பளம். அரசுப் பணமோ சரக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு, பில் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து வரணும். நாம் ஒரு வாரம் பிந்தினால் அபராதம்; அவர்கள் பிந்தினால் ‘ஃபைல் மூவ் ஆகிட்டிருக்கு’ என்ற பதில். பணம் முழுசாக வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரும் வரைக்கும் வட்டி லாபத்தைத் தின்றது. அடுத்த டெண்டரில் அந்த வட்டியையும் செலவுக் கணக்கில் தனி வரியாக எழுதினோம். விலை கொஞ்சம் ஏறி அந்த டெண்டர் கைநழுவியது. ஜெயித்தவர் போட்ட விலையைப் பார்த்தபோது எனக்குப் பொறாமை வரவில்லை.

இப்போது மொத்த மெஷினில் பாதிக்கு மேல் அரசு ஆர்டர் ஏற்றுவதில்லை. சீருடை முடிந்து அடுத்த டெண்டர் வரும் வரை லைன் காலியாகக் கிடந்தால் நல்ல டெய்லர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள். அந்த இடைவெளியில் சின்ன எண்ணிக்கையில் அவசரமாகக் கேட்பவர்களுக்குத் தைக்கிறோம். நூறு பீஸ் இரண்டு வாரத்தில் வேண்டும் என்பவர் கப்பலுக்குக் காத்திருக்க முடியாது, எங்களிடம்தான் வருகிறார்.