முட்டி போட வசதியான பேன்ட்

ஒரு கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலே, போட்டோகிராஃபருக்கு எந்த நேரத்தில் கால் வலிக்க ஆரம்பித்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். தொடக்கத்தில் எடுத்த படங்களில் கோணம் மாறிக்கொண்டே இருக்கும். தரையோடு தரையாக உட்கார்ந்து ஒன்று, நாற்காலி மேல் ஏறி ஒன்று, மணப்பெண்ணின் கைக்கு மிக அருகில் போய் ஒன்று. நேரம் ஆக ஆக எல்லாப் படமும் நின்ற உயரத்திலிருந்தே வரும். கடைசியில் ஆள் ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஜூமை மட்டும் திருகியிருப்பார். படத்தோடு பதிவாகும் தகவலைத் திறந்து ஃபோகல் லெங்த் எண்ணைப் பார்த்தால் போதும்; எண் கூடினால் ஜூமில் அதிகம் இழுத்து எடுத்த படம் என்று அர்த்தம். 24, 35 என்று ஆரம்பித்த நாள் 135, 200 என்று முடிந்திருக்கும்.

அதனால்தான் இந்தத் தொழிலில் உடை என்றதும் எனக்கு மரியாதை, தோற்றம் எல்லாம் இரண்டாவதாகத்தான் ஞாபகம் வருகிறது. முதலில் வருவது முட்டி. இறுக்கமான பேன்ட் போட்டவர் குனியத் தயங்குவார். குனியத் தயங்குபவருக்கு, தாத்தாவின் நாற்காலிக்கு அடியில் ஒளிந்திருக்கும் குழந்தை கிடைக்காது. கடையில் துணியின் தரத்தைத் தடவிப் பார்ப்பதைவிட, போட்டுப் பார்க்கும் அறைக்குள் போய் ஒருமுறை முழுதாகக் குந்தி எழுந்து பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. அப்புறம் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவேன். கூட்டத்துக்கு மேலே கேமராவைப் பிடிக்கும்போது சட்டை வெளியே வந்து இடுப்பு தெரிந்தால், அது எவ்வளவு அழகான சட்டையாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. இதில் நேர்த்தியும் வசதியும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை என்பதுதான் வேடிக்கை. காலையில் உடம்புக்கு வசதியாக இருந்தது எதுவோ, அதுதான் இரவிலும் பார்க்க ஒழுங்காக இருக்கும். இறுக்கிப் பிடித்ததெல்லாம் மதியத்துக்குள் கசங்கிவிடும்.

எடையையும் கணக்கில் வைக்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமரா, அதாவது பெரிய சென்சார் உள்ள ரகம், லென்ஸ் இல்லாமல் வெறும் பாடியே பெரும்பாலும் 650 கிராமிலிருந்து 1 கிலோ வரை இருக்கும். தூரத்திலிருந்து எடுக்கும் 70-200 ஜூம் லென்ஸ், அதிலும் நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப் 2.8 ரகம் என்றால், அதுவே பெரும்பாலும் 1 கிலோவுக்கு மேல். இரண்டு பாடி, இரண்டு லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் சேர்ந்தால் 4 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கழுத்து ஸ்ட்ராப்பில் இதைத் தொங்கவிட்டால் மறுநாள் தலையைத் திருப்ப முடியாது. இரண்டு தோளுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஹார்னஸ்தான் சரி. ஆனால் ஹார்னஸுக்கு ஏற்ற சட்டை வேண்டும். தோல் வாரின் சாயம் வியர்வையில் ஊறி வெளிர் நிறச் சட்டையில் பழுப்புக் கோடாக இறங்கும். துவைத்தாலும் போகாது. கோட் போட்டால் தோள்பட்டையில் வைத்துத் தைத்த பஞ்சு வாரை நிற்க விடாமல் வழுக்கும். கோட் கட்டாயம் என்று வாடிக்கையாளர் சொன்னால், பஞ்சு வைக்காத, கொஞ்சம் இழுத்தால் நீளும் துணியில் தைத்ததைத்தான் எடுப்பேன்.

நிறத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரே அறிவுரை, கறுப்பு போடு என்பது. கறுப்புக்கு நியாயம் இருக்கிறது, ஆனால் அதன் முக்கியமான காரணத்தைப் பலர் சொல்வதில்லை. மணப்பெண் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார், நான் எதிரே ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கிறேன் என்று வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் என் சட்டையிலும் விழும். அங்கிருந்து தெறித்து அவர் முகத்தின் நிழல் பக்கத்துக்குப் போகும். நான் பச்சைச் சட்டை போட்டிருந்தால் அவருடைய ஒரு கன்னத்தின் கீழே மட்டும் லேசாகப் பச்சை ஏறியிருக்கும். முகம் முழுக்க ஏறியிருந்தால், படம் முழுவதன் நிறச்சாயலையும் ஒரேயடியாகத் திருத்தும் ஒயிட் பேலன்ஸை மாற்றிச் சரிசெய்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் எடிட்டிங்கில் ஒவ்வொரு படமாக உட்கார்ந்து தேய்க்க வேண்டியதுதான். வெள்ளைச் சட்டை இந்த இடத்தில் ஒரு ரிஃப்ளெக்டர் மாதிரி வேலை செய்து நிழலைக் கொஞ்சம் திறந்துவிடும். சில சமயம் அது உதவி, சில சமயம் வேண்டுமென்றே வைத்த நிழலைக் கெடுத்துவிடும். கறுப்பு கிட்டத்தட்ட எதையும் திருப்பி அனுப்பாது. மேக்கப் அறையின் கண்ணாடியிலும் காரின் பளபளப்பிலும் விழும் நம் பிம்பமும் கண்ணை உறுத்தாது.

ஆனால் வெயிலில் கறுப்பு கொதிக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. கறுப்புச் சட்டையும் கறுப்பு பேன்ட்டும் பல இடங்களில் பரிமாறுபவர்களின் சீருடை. "தம்பி, இந்த டேபிளுக்குக் கொஞ்சம் தண்ணி" என்று என்னிடம் கேட்டவர்கள் நிறைய. உடம்பில் கேமரா தொங்குவதைக்கூடப் பார்ப்பதில்லை! கொண்டுபோய்க் கொடுத்தும் இருக்கிறேன்; அதே பெரியவர் அப்புறம் படத்துக்குத் தாராளமாகச் சிரித்தார். இப்போது பெரும்பாலும் அடர் நீலம்தான். சாம்பலைத் தவிர்க்கிறேன், காரணம் எளிது: வெளிர் சாம்பலில் தெரிவதுபோல் வேறெந்த நிறத்திலும் வியர்வை தெரியாது. பொடிக் கட்டம், மெல்லிய கோடு போட்ட சட்டையும் வேண்டாம். நாம் எப்படியும் வீடியோகாரரின் ஃபிரேமில் எங்காவது வந்துவிடுவோம். அந்தக் கோடுகள் சென்சாரின் கட்டத்தோடு மோதி, திரையில் அலை அலையாக நெளியும். மொய்ரே என்பார்கள். அவருக்கு எரிச்சல் வரும்.

ஷூவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: ரப்பர் அடி, சத்தம் வராதது, ஏற்கனவே காலுக்குப் பழகியது. தோல் அடி பளபளக்கும் தரையில் வழுக்கும். எல்லோரும் அமைதியாக இருக்கும் நேரத்தில் டக் டக் என்று நம்மைக் காட்டிக்கொடுக்கும். மாலைக்குள் கால் கொஞ்சம் வீங்கும் என்பதால் மாலை நேரத்தில் போய் வாங்குவது நல்லது. மதியம் சாக்ஸ் மாற்றுவது நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டதிலேயே மலிவான சுகம்.

பைகள் தனி விஷயம். எனக்கு இடது பையில் காலி மெமரி கார்டு, வலது பையில், ஜிப் போட்ட பையில், எடுத்து முடித்த கார்டு. இந்த ஒழுங்கை ஒருநாளும் மாற்றுவதில்லை, ஏனென்றால் அவசரத்தில் மூளை வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். என்னோடு அடிக்கடி வேலை பார்க்கும் தோழி ஒருவருக்கு இது பெரிய குறை. பெண்களுக்கான நேர்த்தியான உடையில் பை இருக்காது, இருந்தாலும் விரல் நுனிதான் நுழையும். அவர் பேன்ட் வாங்கியதும் நேராகத் தையல்காரரிடம் கொண்டுபோய் உள்பை வைத்துக்கொள்கிறார். தைப்பவருக்கு ஏன் என்று புரிவதில்லை, ஆனாலும் தைத்துக் கொடுக்கிறார்.

உலோக வாட்ச், மோதிரம், பெரிய பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுவேன். இடுப்பில் ஆடும் கேமராவின் பின்திரையை பக்கிள் ஒரே நாளில் கீறிவிடும். வாசனைத் திரவியமும் பூசுவதில்லை. சின்ன அறையில் மேக்கப் நடக்கும்போது நாம் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறோம் என்பது நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

ஒரே மாதிரிச் சட்டை இரண்டு வாங்கிக்கொள்வதை மட்டும் ஒரு தந்திரம் என்று சொல்லலாம். ஒன்று உடம்பில், ஒன்று கேமரா பையில் சுருட்டி. சாப்பாட்டு நேரத்தில் பாத்ரூமில் முகம் கழுவி, மாற்றிக்கொண்டு வந்தால் யாருக்கும் தெரியாது. "இன்னும் காலையில பார்த்த மாதிரியே இருக்கீங்களே?" என்று மணமகனின் அக்கா ஒருவர் ஆச்சரியப்பட்டார். நான் ரகசியத்தைச் சொல்லவில்லை.

புதிதாக உதவிக்கு வருபவர்களுக்கு முந்தைய நாள் ஒரு செய்தி அனுப்புவேன். எந்த லென்ஸ், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் கீழே இருக்கும். முதல் வரியில் ஒரே கேள்வி: "ஷூ பழசுதானே?" புதுசு என்று பதில் வந்தால், பழசைப் பாலிஷ் போட்டு எடுத்துவரச் சொல்வேன்.