பிந்தி வந்தோர் பதிவேடு

பள்ளிக்கூடத்தில் நமக்குப் படிப்பித்த சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வேலைத்தலத்தில் இருந்தேன். கனடாவின் ஸ்கார்பரோவில் ஒரு சரக்குக் கிடங்கு. எனக்குக் கீழே 34 பேர். யார் எத்தனை மணிக்கு வந்தார், மணிக்கு எத்தனை பெட்டி ஏற்றினார் என்பதெல்லாம் என் திரையில் தெரியும். அன்று, அடிக்கடி பிந்தி வரும் ஒருவருக்கு மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். கையெழுத்து மட்டுமே பாக்கி.

1992இல் யாழ்ப்பாணத்தில் நம் பள்ளிக்கூட வாசலில், பிந்தி வந்தோர் பெயரை எழுதும் பதிவேட்டுடன் நின்ற மாணவர் தலைவன் நான்; கூடப் படித்த உங்களில் பலர் அதை மறந்திருக்க மாட்டீர்கள். அதில் ஒரு பெயர் வாரத்தில் மூன்று நாள் வந்தது. அவனைத் தண்டிக்கச் சொல்லிச் சேரிடம் போனேன்.

சேர் பக்கங்களைப் புரட்டினார். "தம்பி, நேரமெல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய். இவன் எங்கே நின்றுவிட்டு வருகிறான்?"

வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. முகம் எரிந்தது.

மறுநாள் விடியப்புறம் சைக்கிளில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனார். போர் நடந்த வடக்குக்கு அரசு விதித்திருந்த பொருளாதாரத் தடைக் காலத்து மண்ணெண்ணெய் வரிசை. அதன் நடுவில் அவன், சணல் கயிறு கட்டிய போத்தலுடன். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம், தாய்க்குச் சுகமில்லை, வரிசைக்கு வேறு ஆளில்லை. சேர் எதுவும் பேசாமல் அவனோடு போய் நின்றார். நானும் நின்றேன்.

நாங்கள் பள்ளிக்கூடம் வந்தபோது மணி அடித்து நெடுநேரமாகிவிட்டது. சேர் பதிவேட்டை வாங்கி முதலில் தன் பெயரை எழுதினார். அடுத்து என் பெயர். கடைசியில் அவன் பெயர். மூன்றுக்கும் எதிரே ஒரே காரணம்: மண்ணெண்ணெய் வரிசை. அடுத்த வாரத்திலிருந்து வகுப்புப் பையன்கள் முறைபோட்டு அவனுக்காக வரிசையில் நின்றோம். நில்லுங்கள் என்று சேர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் 19 ஆண்டுகளாக ஆட்களை வைத்து வேலை வாங்குகிறேன். என்னைப் பார்த்து ஒருவராவது தானாக முன்வந்து இன்னொருவரின் சுமையைத் தூக்கியதுண்டா? இல்லை. அந்த எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, பிந்தி வருபவரிடமே போய்க் காரணம் கேட்டேன். இரவில் இன்னொரு வேலை, அது முடிந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். அவருடைய நேரத்தை அரை மணி தள்ளி வைத்தேன். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

1993இல் ஓர் இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற, கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தேன். பதிவேட்டை யாரிடமும் ஒப்படைக்காமல் மேசை லாச்சியில் போட்டுவிட்டு வந்தேன். சேரிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை; ஏன் போகிறாய் என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். மறுநாள் காலை வாசலில் அவர்தான் நின்றிருப்பார்.