பெர்லினில் முதுகலை: என் கேள்வியைத் தேடிய இரண்டு ஆண்டுகள்

உலகளாவிய வரலாற்றில் முதுகலை படிப்பதற்காக 2023 அக்டோபரில் பெர்லின் சென்றேன். கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்காக அப்போது கேட்கப்பட்ட 11,208 யூரோவை, பிளாக்டு அக்கவுண்ட் எனப்படும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் முன்கூட்டியே செலுத்திய பிறகே எனக்கு விசா கிடைத்தது, அந்தப் பணமும் மாதம் 934 யூரோவாகவே கைக்கு வந்தது. பட்டச் சான்றுகளைச் சரிபார்த்து வழங்கப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம் என்பதால், மற்ற எதற்கும் முன்பாக அதற்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. நகருக்குள் குடியேறிய 14 நாள்களுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். எனக்கு முதலில் கிடைத்த அறையின் உரிமையாளர் அதற்கான உறுதிக் கடிதத்தைத் தர மறுத்துவிட்டதால், குளிர் தொடங்கும் நேரத்தில் வேறு அறை தேடி அலைந்தேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

என் படிப்பை இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகின்றன. 1810-இல் தொடங்கிய ஹம்போல்ட் பல்கலைக்கழகம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெர்லின் பிரிக்கப்பட்டபோது சோவியத் கட்டுப்பாட்டுப் பகுதியில் அமைந்துபோனது. அங்கு நிலவிய அரசியல் நெருக்கடியை எதிர்த்த மாணவர்களும் ஆசிரியர்களும் 1948-இல் மேற்குப் பகுதியிலுள்ள டாலமில் ஃப்ரீ பல்கலைக்கழகத்தை உருவாக்கினார்கள். பிரிவினை பிரித்துவைத்த அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஒரே மாணவர் அட்டையுடன் ரயிலில் போய்வந்தேன். ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸெ நிலையத்தில் இறங்கும்போதெல்லாம், மேற்கே திரும்பிய உறவினர்களுக்குக் கிழக்கு ஜெர்மானியர் விடைகொடுத்த ‘கண்ணீர் மாளிகை’யைக் கடந்தே ஹம்போல்ட் நூலகத்துக்கு நடப்பேன்.

உண்மையான சோதனை ஹவுஸார்பைட்தான். வகுப்பில் தேர்வு இராது. பருவம் முடிந்த பின், விடுமுறையில் உட்கார்ந்து இருபது பக்க ஆய்வுக் கட்டுரை எழுதித் தர வேண்டும். முதல் கட்டுரைக்காகப் பதினெட்டு நூல்களைப் படித்து, அவற்றின் கருத்துகளை ஒழுங்காகத் தொகுத்துக் கொடுத்தேன். ஊரில் எனக்கு முதல் மதிப்பெண் வாங்கித் தந்த முறை அதுவே. கட்டுரையைத் திருப்பித் தந்த பேராசிரியர், “எல்லோரும் சொன்னதைச் சொல்லியிருக்கிறீர்கள், இதில் உங்கள் கேள்வி எங்கே?” என்று கனிவாகத்தான் கேட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேள்வி அடுத்த ஆண்டில், ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலி ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. முதல் உலகப் போரின்போது, 1915 முதல் 1918 வரை, பிரஷ்ய அறிஞர் குழு ஒன்று போர்க்கைதி முகாம்களுக்குச் சென்று, சுமார் 250 மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் கைதிகளின் குரல்களை ஒலித்தட்டுகளில் பதிவுசெய்தது. பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் முகாமில் இருந்த இந்தியச் சிப்பாய்களும் அவர்களில் உண்டு. 1916 டிசம்பரில் அங்கே பேசிய மால் சிங் என்பவர், இந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டு வாழ்ந்த ஒருவன் ஐரோப்பியப் போருக்கு வந்து ஜெர்மனியரிடம் சிக்கிய கதையாகத் தன் கதையையே படர்க்கையில் சொல்கிறார். ஒலி கரகரக்கிறது. ஆனாலும் முதல்முறை கேட்டபோது ஹெட்ஃபோனைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு பதிவோடும் ஒரு படிவம் இருந்தது: பெயர், ஊர், வயது, தொழில், மொழி, குரலைப் பற்றிய நிபுணரின் மதிப்பீடு. அந்த மனிதர் எதற்காக ஏங்கினார் என்று எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை. படிவம் கேட்டதற்கும் குரல் சொன்னதற்கும் இடையிலான இந்த இடைவெளியே என் ஆய்வேட்டின் கேள்வியானது. 2025 செப்டம்பரில் அதைச் சமர்ப்பித்தேன். முதல் பக்கத்தில் மேற்கோளுக்குப் பதிலாக அந்தக் கேள்வியை மட்டுமே எழுதியிருந்தேன்.